சிவகிரியின் முகவரிகள்

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை கையெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெரிகிற இடத்தில் சிவகிரி இருக்கிறது. ஊர் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் அரசாங்கக் காகிதங்களில் அந்த ஊரைச் சென்றடையும் வழி பலமுறை மாறியிருக்கிறது. பாளையமாக இருந்தது, 1803-ல் நிரந்தரத் தீர்வைச் சன்னதுக்குப் பின் ஜமீன் ஆயிற்று. ஆங்கிலேயர் பதிவேடுகளில் அது டின்னெவெலி ஜில்லா, சங்கரநயினார்கோவில் தாலுகாவைச் சேர்ந்த ஜமீன். சுதந்திரத்துக்குப் பின் ஜமீன் ஒழிந்தது, டின்னெவெலி திருநெல்வேலி ஆனது. 1986 அக்டோபரில் தூத்துக்குடிப் பக்கம் சிதம்பரனார் மாவட்டமாகப் பிரிந்தபோது, மிச்சமிருந்த பகுதி நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் எனப்பட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அந்தப் பெயரும் போய்த் திருநெல்வேலியே திரும்பி வந்தது. இதற்கிடையில் சிவகிரி தனித் தாலுகாவாகியிருந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் பிறந்தபோது சிவகிரி அதில் சேர்ந்தது. ஒரே வீட்டில் பிறந்து, அதே வீட்டில் முதுமை எய்திய ஒருவருடைய பெட்டியில் நான்கு வெவ்வேறு முகவரி கொண்ட பத்திரங்கள் இருக்க முடியும். நான்கும் உண்மையானவை. நான்கும் ஒரே நிலத்தைப் பற்றியவை.

இதைக் கொண்டு நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான். ஓர் ஆவணம் சொல்கிற செய்தி ஒரு பக்கம். அந்தச் செய்தியை எந்த இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும் என்று அது தன் மேல் எழுதி வைத்திருக்கும் முகவரி இன்னொரு பக்கம். செய்தி பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. முன்னதாகச் செத்துப்போவது முகவரி. ‘ஆவணம் தொலைந்துவிட்டது’ என்று நாம் வருந்தும் பல நேரங்களில் ஆவணம் பத்திரமாக இருக்கிறது, வழிதான் அறுந்திருக்கிறது. அந்த வழியை ஒட்டுவதற்கு ஆவணத்தைத் திருத்த வேண்டியதில்லை, ஊரைப் பழைய பெயருக்குத் திருப்பவும் வேண்டியதில்லை. பழைய முகவரி ஒவ்வொன்றின் எதிரிலும் புதிய முகவரியை எழுதிய தனிப் பட்டியல் ஒன்று வேண்டும். தமிழ்நாட்டின் பதிவேட்டு வரலாறு முழுவதிலும் அந்தப் பட்டியலை எழுதி வைத்த காலங்களும் உண்டு, எழுதாமல் விட்ட காலங்களும் உண்டு.

இந்தச் சிக்கலை மிகத் துல்லியமாகக் காட்டுவது இன்றைய கணினி அறையில் நடக்கும் ஒரு வேலை. ஓர் அலுவலகத்தின் தரவுத்தளத்துக்குப் பேக்கப் எடுத்து, அதை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வராக இருந்தால், அந்தப் பேக்கப் கோப்பு தரவை மட்டும் சுமந்து வருவதில்லை. பழைய சர்வரில் அந்தத் தரவுக் கோப்புகள் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருந்தன என்ற முழு வழியையும் சேர்த்தே சுமந்து வருகிறது. ‘வேறு இடம் சொன்னாலொழிய அங்கேயே போய் உட்காருவேன்’ என்பது அதன் இயல்பு. பழைய சர்வரில் இருந்த டி டிரைவ் புதிய சர்வரில் இல்லையென்றால் ரீஸ்டோர் நின்றுவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர் பேக்கப் கெட்டுவிட்டது என்று பதறுவார். கெடவில்லை. ஒரு பதிவுகூடச் சிதையவில்லை. அது தேடிய தெரு இந்த ஊரில் இல்லை, அவ்வளவுதான். டிரைவ் மாற வேண்டும் என்பதுகூட இல்லை. அந்த மென்பொருள் தன் கோப்புகளை வைக்கும் வழக்கமான ஃபோல்டரின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது: 2017 பதிப்புக்கு 14, 2019-க்கு 15, 2022-க்கு 16. பழைய பதிப்பைக் கழற்றிவிட்டுப் புதியதை நிறுவினாலே முகவரி மாறிவிடும். மேலே ஆட்சி மாற, கீழே ஊரின் விலாசம் மாறுவதும் இதுவும் ஒரே வகை.

அந்த மென்பொருளை வடிவமைத்தவர்கள் இதற்கு வைத்திருக்கும் தீர்வு கவனித்துப் பார்க்கத் தக்கது. ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பெயர்கள். ஒன்று, தரவுத்தளத்துக்கு உள்ளே மட்டும் வழங்கும் பெயர். அது எந்த டிரைவுக்குப் போனாலும் மாறாது. மற்றது, வட்டில் அது கிடக்கும் இடத்தின் முழு வழி. அது சர்வருக்குச் சர்வர் மாறும். பேக்கப்பைப் பிரிக்காமலே அதற்குள் என்னென்ன கோப்புகள் உண்டு, அவற்றின் இரண்டு பெயர்களும் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கட்டளை இருக்கிறது. ரீஸ்டோர் செய்யும்போது, ‘இன்ன உட்பெயர் கொண்ட கோப்பை இன்ன புதிய இடத்தில் வை’ என்று வரிக்கு வரி சொல்ல மூவ் என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. ஆரக்கிள் தரவுத்தளத்திலும் கோப்புக்குப் புதுப் பெயர் சூட்டி ரீஸ்டோர் செய்யும் ஏற்பாடு உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் பழைய ஃபோல்டருக்கு எதிரே புதிய ஃபோல்டரைச் சொல்லிக் காப்பெடுக்கலாம். நிறுவனங்கள் வேறு, மொழி வேறு, கண்டடைந்த தீர்வு ஒன்று: தரவைத் தொடாதே, பக்கத்தில் ஒப்பீட்டுப் பட்டியல் கொடு.

பிழைச் செய்தியைச் சரியாகப் படிப்பதும் இந்த வேலையில் பாதி. எஸ்க்யூஎல் சர்வரில் 5133 என்ற பிழை எண்ணோடு இயங்குதளத்தின் எண் 3 சேர்ந்து வந்தால் அப்படி ஒரு வழியே இல்லை என்று பொருள். அதே 5133-ஓடு எண் 5 வந்தால் வழி இருக்கிறது, ஆனால் உள்ளே போக அனுமதி இல்லை. ஃபோல்டரைக் கண்ணால் பார்க்கிற பொறியாளர் ‘இதோ இருக்கிறதே’ என்று வாதாடுவார். ஆனால் கோப்பை எழுதப்போவது அவர் இல்லை, சர்வரின் பின்னணியில் வேறொரு பயனராக ஓடும் சேவை. அந்தச் சேவைக்கு அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை வேண்டும். பேக்கப் கோப்பின் வழியும் அப்படித்தான்: நீங்கள் கொடுக்கும் வழியை உங்கள் மேசைக் கணினியில் தேடமாட்டார்கள், சர்வர் தன் வட்டில் தேடும். முகவரி என்பது யாருடைய கண்ணிலிருந்து எழுதப்பட்டது என்ற கேள்வி இங்கேயே வந்துவிடுகிறது. தாலுகா அலுவலகத்தில் நிற்பவருக்கும் இதே கேள்வி உண்டு. பத்திரப் பதிவுத் துறையின் எல்லைகள் ஒரு கணக்கு, வருவாய்த் துறையின் எல்லைகள் இன்னொரு கணக்கு. ஒரே வயல் இரண்டிலும் இரண்டு வழிகளில் கிடைக்கும்.

கணினியின் பேச்சைப் பழங்காலத்தின் மேல் ஏற்றிப் பேசுவது பொருந்துமா என்று வரலாற்று மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடன் வாங்கியவர் யார் என்று பார்த்தால் கணினிக்காரர்தான் பின்னால் வந்தவர். படியெடுத்து, பழையதை அழித்து, புதிய இடத்தில் மீண்டும் ஏற்றும் வேலை இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முறையாக நடந்திருக்கிறது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். இடிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. அவை மறுபடி கல்லில் ஏறியது முதலாம் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில். ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் ஒரு கோயிலின் சொத்துரிமை முழுவதும் ஏட்டில் மட்டும் இருந்தது. செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக மாற்றியபோதும் பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள் உட்படப் பழையவை மீண்டும் வெட்டப்பட்டன. அங்கே பொறித்தவர்கள் ஒன்றைக் கவனமாகச் செய்தார்கள்: பழைய கல்லில் இருந்ததன் படி இது என்று அந்தப் பிரதிகளிலேயே சொல்லி வைத்தார்கள். பழைய மன்னனின் ஆட்சியாண்டு அப்படியே நின்றது. புதிய மன்னனுக்கு ஏற்ப அதை மாற்றவில்லை. செய்தியில் கைவைக்காமல், இது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பைப் பக்கத்தில் சேர்ப்பது என்ற ஒழுங்கு அவர்களிடம் இருந்தது. இந்த நேர்மைக்கு நம் வரலாற்றறிஞர்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் கல்வெட்டிலும் முகவரி சாகும். ஒரு நிலத்தைக் கோயிலுக்கு விட்ட கல்வெட்டு, அந்த நிலம் எந்த ஊரில், அந்த ஊர் எந்த நாட்டில், அந்த நாடு எந்த வளநாட்டில் இருக்கிறது என்று கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ சொல்லும். கணினியின் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போன்றதே. வளநாடுகளுக்குச் சோழ மன்னர்கள் தங்கள் பட்டப் பெயர்களைச் சூட்டினார்கள். ராஜராஜன் சூட்டியதை முதலாம் குலோத்துங்கன் காலத்தில் மாற்றினார்கள். ஆகவே ஒரே ஊர் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு வெவ்வேறு வளநாடுகளில் இருப்பதாகக் கல்வெட்டுகள் சொல்லும். இந்தக் குழப்பத்தை அவிழ்த்தவர் எ. சுப்பராயலு. சோழ மண்டலத்தின் அரசியல் புவியியலைப் பற்றி 1973-ல் வெளிவந்த அவருடைய நூல், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப் பெயர்களை இன்றைய கிராமங்களோடு ஒன்றொன்றாகப் பொருத்தி வரைபடத்தில் இட்டது. அதில் தெளிவான உண்மை இது: நாடு என்ற அலகு உழவர் குடியிருப்புகள் இயல்பாகச் சேர்ந்து உண்டானது, நூற்றாண்டுகளாகப் பெரிதும் மாறாமல் நின்றது, வளநாடு மேலிருந்து வரைந்தது, மன்னன் மாற மாறியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசு எழுதி வைத்திருக்க வேண்டிய ஒப்பீட்டுப் பட்டியலை இருபதாம் நூற்றாண்டில் ஓர் ஆய்வாளர் உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. அது அவரால் முடிந்ததற்குக் காரணம் கீழ் அலகின் பெயர் உயிரோடு இருந்ததுதான்.

சிவகிரிக்கு வருவோம். 1783-ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கையோடு சிவகிரியையும் தாக்கினார். அதன் பின் கும்பெனியின் காகிதங்களில் இந்தப் பாளையத்தின் பெயர் அடிக்கடி வருகிறது. ஆனால் கும்பெனி எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். திருநெல்வேலி டின்னெவெலி ஆனதும், குற்றாலம் கோர்ட்டாலம் ஆனதும், தூத்துக்குடி டூட்டிகோரின் ஆனதும் அப்படித்தான். அந்தக் கலெக்டர் அலுவலகப் பதிவேடுகள் பின்னர் சென்னை எழும்பூருக்குப் போயின. 1909-ல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்று தொடங்கி இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகமாக இருக்கும் இடம் அது. திருநெல்வேலி என்ற பெயரில் அங்கே தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். டின்னெவெலி என்று தேடினால் தொகுதி தொகுதியாக வரும். பாளையக்காரர் போர்களைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர்களின் அடிக்குறிப்புகள் இன்றும் பயன்படுவதற்குக் காரணம், அவர்கள் தொகுதி எண்ணைக் குறித்தார்கள் என்பது. எந்த அறையில், எந்த அலமாரியில் என்று குறித்திருந்தால் முதல் இடமாற்றத்திலேயே அந்தக் குறிப்புகள் செத்திருக்கும். தரவுத்தளத்தின் உட்பெயர் செய்யும் வேலையைத்தான் தொகுதி எண் செய்தது.

ஜமீன் ஒழிப்பு இதைவிடக் கடினமான மாற்றம். சுற்றிலும் இருந்த ரயத்வாரி கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே அரசு நேரடியாக அளந்து, சர்வே எண் கொடுத்து, பட்டா போட்டது. திருநெல்வேலியில் அந்த நூற்றாண்டின் எழுபதுகளில் அந்தத் தீர்வை வேலையோடு இணைத்துப் பேசப்படும் பெயர் ஆங்கிலேய அதிகாரி பக்கிள். ஜமீன் கிராமங்களின் கணக்கோ ஜமீன் கச்சேரியின் கையில். குடியானவர் செலுத்தும் வாரமும் தீர்வையும் அங்கே, அதன் ஏடுகளில், அதன் பெயர்களில். பைமாஷ் என்ற பழைய நில அளவையின் எண்களும் நிலத்துக்கு ஊர் வைத்த பெயர்களும் அங்கே முகவரியாக வழங்கின. 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டப்படி எஸ்டேட்டுகளை அரசு எடுத்துக்கொண்டபோது, சர்வே செய்து, அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்கீழ் குடியானவருக்கு ரயத்வாரிப் பட்டா கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே ஆவணம் ஓர் எஜமானனிடமிருந்து இன்னொரு எஜமானனிடம் போகிறது. இதில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கம் பக்கமாக எழுதிய பட்டியல்தான் குடியானவரின் உயிர்நாடி. வருவாய்த் துறையில் அதைக் ‘கோரிலேஷன்’ என்பார்கள். தாத்தா பெயரில் இருக்கும் பைமாஷ் எண் போட்ட பத்திரமும் பேரன் உழுகிற சர்வே எண்ணும் ஒன்று என்று நிரூபிக்க வேறு எந்தக் காகிதத்தாலும் முடியாது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. இடத்தின் முகவரியை எண்ணாகக் கொடுத்ததால்தானே இந்தத் தொல்லை? பழைய பத்திரங்கள் நிலத்தை நான்கெல்லையால் சொல்லின: இன்னார் நிலத்துக்குத் தெற்கு, இன்ன ஓடைக்கு வடக்கு, இன்ன பாதைக்குக் கிழக்கு. ஜில்லா பெயர் மாறினாலும், சர்வே எண் மாறினாலும் ஓடை ஓடையாகவே இருக்கும். அப்படியே தொடர்ந்திருந்தால் பட்டியலே வேண்டாமே என்று கேட்கலாம். இந்த மறுப்பில் பாதி உண்மை. அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையே மேலோங்கும் என்று நீதிமன்றங்கள் கொள்வது இந்த உறுதியினால்தான். கணினியிலும் இதே எண்ணம் உண்டு: மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைக் கட்டளை வரிகளாக எழுதி எடுக்கும் வழக்கமான பேக்கப்பில் வட்டின் வழி பொதுவாக இருக்காது, எந்தக் கணினியிலும் ஏறும். ஆனால் நான்கெல்லையும் சாகும். ‘இன்னார் நிலம்’ நான்கு பேருக்குக் கைமாறியிருக்கும். ஓடை தூர்ந்திருக்கும், பாதையைச் சாலை விழுங்கியிருக்கும். பக்கத்து நிலத்தை நம்பிச் சொன்ன முகவரி, பக்கத்து நிலம் மாறும்போது தானும் மாறுகிறது. அதனால்தான் இன்று பத்திரம் எழுதுபவர்கள் சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் சேர்த்தே எழுதுகிறார்கள். இரண்டு வகை முகவரியும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற அறிவு அந்த வழக்கத்தில் இருக்கிறது.

எண்ணைவிட உறுதியானது வேண்டுமென்றால் அட்ச, தீர்க்க ரேகைகளை எழுதிவிடலாமே, செயற்கைக்கோள் காட்டும் புள்ளி எந்த அரசாணைக்கும் கட்டுப்பட்டதில்லையே என்று இன்றைய பொறியாளர் சொல்வார். இதுவும் அவ்வளவு எளிதில்லை. 1802-ல் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை, எவரெஸ்ட் கோளவுரு என்ற அடிப்படையில் இந்தியாவின் வரைபடங்களை நெடுங்காலம் தாங்கியது. 2005-ன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுப் பயன்பாட்டு வரைபடங்கள் செயற்கைக்கோள்கள் பின்பற்றும் டபிள்யூஜிஎஸ்84 என்ற அடிப்படைக்கு வந்தன. ஒரே பாறைக்கு இரண்டு அடிப்படைகளிலும் ரேகை எண்கள் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு மாற்றுக் கணக்கு வேண்டும். வானத்திலிருந்து அளந்தாலும் அந்தப் பட்டியல் வேண்டியிருக்கிறது.

பட்டியல் காகிதத்தில் இல்லாமல் மனிதர் நினைவில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எண்பதுகளின் தமிழ்நாடே சாட்சி. ஊர்க் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த கர்ணங்களின் பதவியையும் கிராம முன்சீப் பதவியையும் எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர் 14 அன்று ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. பரம்பரையாகச் சில குடும்பங்கள் ஊரின் நிலக் கணக்கைப் பிடியில் வைத்திருந்த முறை ஒழிய வேண்டியதுதான். உச்ச நீதிமன்றமும் 1982-ல் அந்த ஒழிப்பு செல்லும் என்றது. அதற்காக நான் வருந்தவில்லை. என் வருத்தம் வேறு. எந்தப் பைமாஷ் எண் எந்த சர்வே எண் ஆனது, எந்தக் குடும்பத்தின் பங்கு எந்த உட்பிரிவில் விழுந்தது, ஊர் ‘ஆலமரத்து வயல்’ என்று சொல்வது கணக்கில் எது என்ற பொருத்தம் பல ஊர்களில் கர்ணத்தின் நினைவில் இருந்தது. புதிய கிராம நிர்வாக அலுவலர் கைக்கு 10(1) சிட்டாவும் அடங்கலும் அ-பதிவேடும் வந்தன, அந்தப் பொருத்தம் வரவில்லை. அதே ஆண்டுகளில்தான் யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 1979-ல் தொடங்கியது அது. ஏக்கர் ஹெக்டேர் ஆனது, உட்பிரிவுகள் மாறின, பட்டாதாரர் பெயர்கள் புதிதாக எழுதப்பட்டன, எழுதுகிற ஆளும் புதியவர்.

ஒரு தரவுத்தளப் பொறியாளர் இப்படி ஒருபோதும் செய்யமாட்டார். சர்வரை மாற்றும் நாளில் அட்டவணையின் வடிவத்தையும் மாற்றி, அளவின் அலகையும் மாற்றி, வேலை தெரிந்தவரையும் அனுப்பிவிட்டால், பிறகு வரும் பிழை எந்த மாற்றத்தால் வந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இன்றைக்கும் வருவாய்க் கோட்டங்களில் ‘யு.டி.ஆர். பிழை’ என்று மனுக்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றில் பெயர் தவறிப் போனவை உண்டு, அளவு தவறியவை உண்டு, சரியான பெயரும் சரியான அளவும் தவறான உட்பிரிவில் உட்கார்ந்தவையும் உண்டு. கடைசி வகைதான் இந்தக் கட்டுரையின் பொருள். ஏழை விவசாயி ஒருவர் தன் நிலம் தனக்குரியது என்பதைச் சொல்ல அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதன் பின்னால் பல நேரங்களில் எழுதப்படாத ஒற்றைப் பட்டியல் இருக்கிறது.

இன்னொரு யோசனையையும் பார்த்துவிட வேண்டும். ரீஸ்டோர் நின்றவுடன் அவசரத்தில் இருக்கிற பொறியாளர் சிலர், பழைய சர்வரில் இருந்த அதே பெயரில் டிரைவையும் ஃபோல்டரையும் புதிய சர்வரில் உண்டாக்கிவிடுவார்கள். பேக்கப் தேடியது கிடைத்துவிடும், வேலை முடிந்துவிடும். ஒரு நாள் தேவைக்கு இது போதும். அதுவே வழக்கமானால் வேறு கேடு வரும். அதே பெயருள்ள இடத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு தரவுத்தளத்தின் கோப்பு இருந்தால், பழைய நகல் அதன் மேல் ஏறப் பார்க்கும். எஸ்க்யூஎல் சர்வர் இதைத் தடுத்து நிறுத்தி, வேறு இடம் சொல் என்று 3156 என்ற எண்ணோடு கேட்கும். அந்தத் தரவுத்தளம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் நேரத்தில் ‘ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுது’ என்று நாமே கட்டாயப்படுத்தினால் அந்தத் தடுப்பும் போகும். நின்றுவிடும் பிழை நல்ல பிழை. வழி இல்லை என்று சொல்லிவிட்டது, தேடத் தொடங்கலாம். தவறான இடத்தில் சத்தமில்லாமல் ஏறிவிடும் ஆவணம்தான் பேரழிவு.

சிவகிரி என்ற பெயரே இதற்குச் சான்று. தமிழ்நாட்டிலேயே ஈரோடு மாவட்டத்தில் கொடுமுடிப் பக்கம் இன்னொரு சிவகிரி இருக்கிறது. அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து 1979-ல் பெரியார் மாவட்டத்துக்கு வந்து, தொண்ணூறுகளில் ஈரோடு மாவட்டமாக ஆனது. கேரளத்தில் வர்க்கலையில் நாராயண குருவின் சிவகிரி இருக்கிறது. மாவட்டப் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயர் போதும் என்று வைத்தால் ஒரு சிவகிரியின் கோப்பு இன்னொரு சிவகிரிக்குப் போய்ச் சேரும். அங்கே அதை மறுக்க யாருக்கும் காரணம் தோன்றாது. மேலே இருக்கும் அலகின் பெயர் மாறக்கூடியது, அதே சமயம் அது இல்லாமல் கீழ் அலகு தன்னைத் தனித்துக் காட்டிக்கொள்ளவும் முடியாது. இந்த இரட்டை நிலையைத் தாண்டுவதற்குத்தான் மாவட்டத்தைச் சாராத எண்கள் வந்தன. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த பின்கோடு அஞ்சல் பிரிக்கும் வசதியைப் பார்த்து அமைந்தது. அதனால்தான் தென்காசி மாவட்டம் உண்டானபிறகும் இங்கே கடிதங்கள் 627 என்று தொடங்கும் பழைய எண்ணிலேயே தடங்கலில்லாமல் வந்து சேர்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் கொடுத்த ஆறிலக்க எண்ணும் அதே நோக்கம் கொண்டது. அந்தக் கணக்கெடுப்பின் அட்டவணைகளில் தென்காசி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. சிவகிரி அங்கே திருநெல்வேலிக்குள் இருக்கிறது. கிராம எண்ணைப் பிடித்துக்கொண்டு கூட்டினால் மட்டுமே இன்றைய மாவட்டத்துக்கு 2011-ன் மக்கள்தொகையைப் பெற முடியும்.

தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே இதைவிடச் சிக்கலான பகுதி செங்கோட்டை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாக அமைந்தபோது செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. அங்கே மாறியது மாவட்டப் பெயர் மட்டும் இல்லை. அரசு மாறியது, நில வரி முறை மாறியது, ஆண்டும் மாறியது. திருவிதாங்கூர்க் கோப்புகளில் கொல்லம் ஆண்டு வழங்கியது. இணைப்பு நடந்த நாள் கொல்லம் 1132-ல் விழுகிறது. ஆவணியில் தொடங்கும் அந்த ஆண்டுக்கு டிசம்பர் வரை 824-ஐயும், சனவரி முதல் 825-ஐயும் கூட்ட வேண்டும். இதை அறியாதவர் ஒரு பத்திரத்தை ஓராண்டு முன்னோ பின்னோ தள்ளிவிடுவார், முன்னுரிமை வழக்கில் அந்த ஓராண்டே தீர்ப்பை மாற்றும். தென்காசிப் பாண்டியர்களின் கல்வெட்டுகளிலும் கொல்லம் ஆண்டு இருக்கிறது என்பதால் இந்த வட்டாரத்தின் படிப்பாளிகளுக்கு அது அந்நியமானதில்லை. இந்தக் கூட்டல் கணக்கும் ஓர் ஒப்பீட்டுப் பட்டியல்தான், இரண்டே வரிகளில் அமைந்தது.

2019-ன் மாற்றம் இவற்றோடு ஒப்பிட்டால் இலேசானது. சர்வே எண் மாறவில்லை, உரிமையாளர் மாறவில்லை, அலகு மாறவில்லை. இணையத்தில் பட்டா எடுப்பவர் மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் என்று படிப்படியாகத் தேர்வு செய்ய வேண்டும். திருநெல்வேலியைத் தேர்ந்தெடுத்தால் சிவகிரி அங்கே இருக்காது. தென்காசியைத் தேர்ந்தெடுத்தால் இருக்கும். கணினிக்கு இந்த அளவில் மாற்றத்தைச் சொல்லியாயிற்று. அதற்கு முந்தைய முகவரிகள்தான் இன்னும் சிதறிக் கிடக்கின்றன. கணினி இருக்கிறதே, பட்டியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, கணினியில் இருப்பது கடைசி முகவரி மட்டும் என்பதே பதில். ஜமீன் காலத்துப் பத்திரத்தையோ, நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று அச்சிட்ட பட்டாவையோ கையில் வைத்திருப்பவர் அந்தக் கடைசி முகவரிக்குத் தானே நடந்து வர வேண்டியிருக்கிறது.

பட்டியலையும் யாராவது காக்க வேண்டுமே, அதுவும் தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம். தரவுத்தளத்தைப் பொறுப்போடு பார்ப்பவர்கள் பேக்கப் எடுத்ததோடு நிற்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் அதை ரீஸ்டோர் செய்து பார்க்கிறார்கள். வழி அறுந்திருந்தால், நெருக்கடி வராத ஒரு நாளிலேயே தெரிந்துவிடும். அதேபோல் தாலுகாவுக்கு ஒரு கிராமம் என்று எடுத்து, ஒரு பழைய பத்திரத்திலிருந்து தொடங்கி இன்றைய உட்பிரிவு வரை காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு போக முடிகிறதா என்று வருவாய்த் துறை ஆண்டுதோறும் சோதிக்கலாம். ஜமாபந்தி என்று ஆண்டுக்கொருமுறை ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, அதில் இந்த ஒரு வேலையைச் சேர்த்தால் போதும். சிவகிரித் தாலுகாவில் அப்படிச் செய்தால் பட்டியலுக்கு வேண்டிய கட்டங்கள் இவை: ஜமீன் காலத்துப் பைமாஷ் எண், ஊர் வழங்கும் பெயர், எஸ்டேட் ஒழிப்புக்குப் பின் வந்த சர்வே எண், யு.டி.ஆருக்கு முன்னிருந்த உட்பிரிவு, பின்னர் வந்த உட்பிரிவு, ஏக்கரும் ஹெக்டேரும், அந்தந்தக் காலத்தின் தாலுகாவும் மாவட்டமும், கிராமத்தின் ஆறிலக்க எண். யு.டி.ஆர். வேலையில் நேரடியாக நின்ற அளவர்களும், எண்பதுகளில் முதன்முதலாகக் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்தவர்களும் ஓய்வு பெற்று இந்த வட்டாரத்து ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து எழுதி வாங்கி, ஒரு பிரதியைக் கிராம அலுவலகத்திலும், ஒன்றைச் சிவகிரித் தாலுகா அலுவலகத்திலும், ஒன்றை எழும்பூரிலும் வைக்க வேண்டும்.